தொண்டைமானாற்றில் ஏறி நயினாதீவில் இறங்க முடியுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் லண்டனில் இருக்கும் வடமராட்சிக் குடும்பம். சென்ற கோடையில் ஒக்ஸ்போர்ட் கால்வாயில் நரோபோட் என்ற ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் தண்ணீரிலேயே இருந்தோம். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. வருகிற மாரியில் ஊருக்கு வருகிறோம். தொண்டைமானாற்றில் படகேறி, வடமராட்சி நீரேரி, உப்பாறு வழியாக அரியாலைக்கு வந்து, யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் இறங்கி, பண்ணையைத் தாண்டி நயினாதீவு வரை ஒரே படகில் போக ஆசை. தடுப்பணை ஒவ்வொன்றிலும் படகைக் கடத்திவிடும் கதவுத் தொட்டியாக ஒரு லொக் கட்டிவிட்டால் பாதை திறந்துவிடும், ஊரிலேயே நரோபோட் கட்டுவித்துத் தொழிலாகவும் நடத்தலாம் என்று அண்ணா சொல்கிறார். இது நடக்கக்கூடியதா? எந்த மாதத்தில் வருவது நல்லது?

பதில்: ஒரே படகில், இறங்காமல், தொண்டைமானாற்றிலிருந்து நயினாதீவு வரை போக முடியாது. போக முடியும்படி செய்வதும் நல்லதல்ல என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் சொன்ன அதே வழியைத் துண்டு துண்டாகப் போகலாம். ஒவ்வொரு தடுப்பிலும் படகை விட்டு இறங்கி, அடுத்த தண்ணீருக்கு ஏற்ற வேறு படகில் ஏற வேண்டும். இடையில் சில இடங்களில் றோட்டையும் பயன்படுத்த வேண்டும். நாலு நாள் ஒதுக்கினால் பிள்ளைகளுக்கு அலுக்காத பயணமாக அது அமையும். ஏன் இப்படி வெட்டி வெட்டிப் போகச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் அண்ணாவின் யோசனை அவருடையது மட்டுமல்ல. வெளிநாட்டிலிருந்து வந்து வல்லைப் பாலத்தில் நின்று இரு பக்கமும் பார்க்கும் பலருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

வரைபடத்தைப் பார்த்தால் அந்த ஆசை நியாயமானது. குடாநாட்டின் வயிற்றுக்குள் தண்ணீர் நீளமாகக் கிடக்கிறது. வடக்கே தொண்டைமானாற்று முகத்தில் தொடங்கும் வடமராட்சி நீரேரி வல்லைவெளியைக் கடந்து, வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் நடுவே தென்கிழக்காக ஓடுகிறது. அதனோடு தொடர்புள்ள உப்பாறு வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் இடையே தெற்கே இறங்கி அரியாலைப் பக்கம் யாழ்ப்பாணக் கடனீரேரியை எட்டுகிறது. கிழக்கே ஆனையிறவு நீரேரி இருக்கிறது. வவுனியாப் பக்கத்திலிருந்து வரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பிவிட்டு அங்கேதான் போய்ச் சேருகிறது. மேற்கே தீவுகள் வரை விரிந்த கடனீரேரி. காகிதத்தில் இவை ஒரே நீர்வழி போலத் தெரியும். தரையிலோ, இவற்றைக் கடலிலிருந்தும் ஒன்றை மற்றொன்றிலிருந்தும் பிரித்து வைக்கும் வேலை பல தலைமுறைகளாக நடந்திருக்கிறது. தொண்டைமானாற்று முகத்தில் ஒரு தடுப்பணை, அரியாலையில் இன்னொன்று. ஆனையிறவில் றோட்டுக்கும் ரயில் பாதைக்கும் கீழிருந்த திறப்புகள் அடைக்கப்பட்டன. சுண்டிக்குளத்தில் கடலுக்குக் குறுக்கே வான் வைத்த அணை. நீங்கள் போக விரும்பும் வழியில் எங்கெங்கே படகு முட்டுமோ அங்கெல்லாம் யாரோ யோசித்துத்தான் முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் யோசித்தது கிணறுகளை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடி, கோடையில் தடமாக மட்டும் கிடக்கும். மற்றபடி எல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர்தான். ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். நீங்கள் வாழும் லண்டனில் பெய்வதைப் போல் இருமடங்கு இது. ஆனால் லண்டனில் அது பன்னிரண்டு மாதமும் தூறித் தூறி விழுகிறது. இங்கே பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். அந்த மூன்று மாதத்து மழையில் எவ்வளவைக் கடலுக்கு விடாமல் நிலத்துக்குள் இறக்கினோமோ, அவ்வளவில்தான் வெங்காயமும் மரக்கறியும் புகையிலையும் வீட்டுப் பாவனையும் அடுத்த மாரி வரை நடக்க வேண்டும்.

இறங்கிய நீரும் தனியாக இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கடல்நீர் எல்லாப் பக்கமும் கீழே புகுந்திருக்கிறது. தேங்காயெண்ணெய் தண்ணீரின் மேல் நிற்பதுபோல் நன்னீர் உவரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உவர். குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் அப்படித்தான். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அது கீழே நாற்பது அடி வரை உவரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலநீரியலார் பயன்படுத்தும் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் புரியும். மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் நாற்பது அடி ஏறக்கூடும். பாறை எங்கும் ஒரே மாதிரி இல்லாததால் ஒவ்வொரு கிணற்றிலும் அளவு மாறும், போக்கு மாறாது. ஆகவே நீரேரிக்குள் நிற்கும் தண்ணீரின் உயரமும் உவர்ப்பும் கரையோரக் கிணறுகளின் ஆயுளோடு சம்பந்தப்பட்டவை.

இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டதுதான் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பேசப்படும் திட்டம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் அதற்கு முழு உருவம் கொடுத்தார். ஆனையிறவு நீரேரியை இரு பக்கமும் அடைத்து மழைநீர்த் தேக்கமாக்குவது. கனகராயன் ஆறு கொண்டுவரும் மிகைநீரை அங்கே பிடிப்பது. முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி அதை வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு வைத்துக் கடலை வெளியே நிறுத்துவது. ஆண்டுக்காண்டு இப்படிச் செய்தால் நீரேரிகளின் உவர் கழுவுப்பட்டு, கரையோர நிலங்களும் கிணறுகளும் தேறும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டு தடுப்பணைகளும் எழுந்தன. ஆனையிறவு மூடப்பட்டது. முள்ளியான் வாய்க்கால்தான் முடியவில்லை. சுண்டிக்குளத்து அணையையும் வெள்ளம் உடைத்தது. பிறகு வந்த போர்க்காலத்தில் பராமரிப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. போருக்குப் பின் தொண்டைமானாற்று வான்கதவுகள் புதுப்பிக்கப்பட்டன. ஆக, இன்று நமக்கு இருப்பது பாதி ஆறு. உங்கள் படகுக்கு ஒரு லொக் கேட்பது அந்தப் பாதியின் கதவைத் தட்டிக் கேட்பதாகும்.

நீங்கள் அனுபவித்த ஆங்கிலக் கால்வாயின் கதை நேர்மாறானது. அங்கே தண்ணீரைப் படகுக்காகவே கொண்டுவந்தார்கள். 1760களிலும் 70களிலும் ஜேம்ஸ் பிரின்ட்லி போன்றவர்கள் நிலக்கரியும் மட்பாண்டமும் ஏற்றிச் செல்ல வெட்டிய பாதைகள் அவை. மேட்டில் ஏறவும் இறங்கவும் லொக்குகள் வைத்தார்கள். லொக்கின் அகலம் ஏழடி என்பதால் படகும் ஏழடிக்குள் ஒடுங்கிற்று. ஒரு குறுகிய லொக் ஒருமுறை நிரம்பி வடிய ஒரு லட்சம் லீற்றருக்கு மேல் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய மேட்டுப்பகுதிகளில் தனியாக நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். நீங்கள் போன ஒக்ஸ்போர்ட் கால்வாய்க்குப் பொடிங்டன் நீர்த்தேக்கம் அப்படி ஒன்று. இவ்வளவு ஏற்பாடு இருந்தும் 2025 கோடையில் நீர்த்தேக்கங்கள் இறங்கியதும் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதியில் படகோட்டம் நிறுத்தப்பட்டது. படகுக்காகவே தண்ணீர் சேர்த்த நாட்டிலேயே, தண்ணீர் குறைந்தால் முதலில் நிற்பது படகுதான். குடிக்கவும் தோட்டத்துக்கும் போதாமல் தண்ணீர் சேர்க்கும் நாட்டில் படகுக்கு எந்த இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் அண்ணா இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார். லொக் என்பது திறந்த வாய் அல்லவே. இரண்டு கதவுக்கு நடுவில் ஒரு தொட்டி. ஒரு நேரத்தில் ஒரு கதவுதான் திறக்கும். பிறகு எப்படிக் கடல் உள்ளே வரும்? இரு பக்கமும் நன்னீராக இருந்தால் அவர் சொல்வது சரி. ஒரு பக்கம் கடலாக இருக்கும்போது நடப்பது வேறு. தொண்டைமானாற்றில் படகு கடலிலிருந்து தொட்டிக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி முழுவதும் உவர்நீர். கடல்பக்கக் கதவு மூடுகிறது, நீர்மட்டம் சமமாகிறது, நீரேரிப் பக்கக் கதவு திறக்கிறது. மேலே பார்த்தால் தண்ணீர் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். அடியில், கனமான உவர்நீர் தரையோடு தரையாக நீரேரிக்குள் ஊர்ந்து போகும். அதன் இடத்தை நிரப்ப நன்னீர் மேலாக வெளியே வரும். படகு கடந்து கதவை மூடும் அந்தச் சில நிமிடத்துக்குள் தொட்டி நீரில் பெரும்பங்கு இடம் மாறிவிடும். ஒல்லாந்திலும் பிற நாடுகளிலும் கடலோர லொக்குகளில் பொறியியலாளர்கள் இன்றுவரை மல்லுக்கட்டும் பிரச்சினை இது. குமிழித் திரை, மேலதிகக் கதவு, உவரைத் திருப்பி இறைக்கும் பம்பி என்று பணத்தைக் கொட்டிக் குறைக்கிறார்கள். முற்றாக நிறுத்துவது கடினம். நாளுக்கு ஒரு படகு என்றால் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் ஒரு படகுக்காக யாரும் லொக் கட்டமாட்டார்கள். கட்டினால் அது பிழைக்கப் பல படகு ஓட வேண்டும். உள்ளே போன உவரைக் கழுவ அடுத்த மாரி வரை ஆறும் இல்லை.

கேரளத்தைக் காட்டி வரும் மறுப்பு இதைவிட வலுவானது. ஆலப்புழையில் நூற்றுக்கணக்கான படகுவீடுகள் ஓடுகின்றன. கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை 1993 முதல் அது தேசிய நீர்வழி. அங்கேயும் உவர், அங்கேயும் நெல் வயல். உண்மை. வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் குட்டநாட்டு வயல்களை உவரிலிருந்து காக்க ஒரு தடுப்பணை 1970களில் கட்டி முடிக்கப்பட்டது; அதில் படகுக்கு லொக்கும் உண்டு. ஆனால் அந்தக் காயலுக்குள் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்று மலையிலிருந்து ஆறுகள் வந்து விழுகின்றன. சிந்திய உவரைத் தள்ள ஆற்று நீர் இருக்கிறது. அப்படியிருந்தும் மார்கழி வாக்கில் கதவை மூடி, கோடையின் நடுவில் எப்போது திறப்பது என்பதில் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் ஆண்டுதோறும் இழுபறி. மூடிய காயலில் அழுக்கு தேங்குகிறது, மீன் குறைகிறது என்று மீனவர் சொல்கிறார்கள். ஐந்தாறு ஆறுகள் உள்ள இடத்திலேயே ஒரு கதவு இவ்வளவு சண்டையைக் கிளப்பினால், வழுக்கையாற்றை மட்டும் வைத்திருக்கும் நாம் எதை நம்பி இன்னொரு கதவு வைப்பது? நம் நாட்டிலேயே, கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெல நெல்வயல்கள் கால்வாய் வழியே ஏறிய உவரால் கெட்டதும், பின்னர் வெட்டிய ஹமில்டன் கால்வாயும் அதைத் திருத்தாமல் போனதும் வரலாறு.

மூன்றாவது மறுப்பு இன்றைய காலத்துக்குரியது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. இனிக் கிணற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததால் கடலை நாட வேண்டியதாயிற்று என்ற பின்னணியையும் மறக்கக்கூடாது. அந்த நிலையம் குழாயில் வரும் குடிநீருக்கானது. உப்புப் பிரிக்க மின்சாரம் தின்னும் நீரை எந்தத் தோட்டக்காரனும் வெங்காயப் பாத்திக்குக் கட்டமாட்டான். கோப்பாயிலும் இடைக்காட்டிலும் புத்தூரிலும் செம்மண் தோட்டங்கள் கிணற்றில்தான் நிற்கின்றன. அந்த ஊர்கள் நீரேரியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

இன்னொரு பேச்சும் வரும். இதில் பெருமையும் கலந்திருப்பதால் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப் போக வெட்டுவித்த வாய்க்கால்தான் தொண்டைமானாறு என்பது ஊர் வழக்கு. பக்கத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறை வரை போயிற்று. கப்பலோட்டிய ஊருக்கு நீரேரியில் படகோட்ட முடியாதா? முடியும்; ஆனால் அன்னபூரணி ஆழ்கடலுக்குக் கட்டிய கப்பல், நீரேரிக்குள் வந்து நிற்பதற்கானதல்ல. நீரேரிகளை நம் மக்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு மிக அண்மையான சாட்சி கிளாலி. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்டபோது, குடாநாட்டு மக்கள் இரவிரவாகக் கிளாலியில் வள்ளமேறிக் கடனீரேரியைக் கடந்தார்கள். 1993 இல் அந்தப் படகுகள் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தார்கள். அந்தப் பாதையில் ஓடியவை சிறு வள்ளங்கள்; கரைக்குச் சற்றுத் தள்ளியே நின்று, முழங்கால் தண்ணீரில் ஆட்களை இறக்கின. வேறு வழியே இல்லாத காலத்திலும் இந்தத் தண்ணீர் சிறு படகைத்தான் ஏற்றது. பெரிய படகு வேண்டும் என்றால் ஆழப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தினால் இறாலும் நண்டும் வளரும் சாதாழைப் படுகை போகும்.

படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. நரோபோட் என்பது அறுபது எழுபது அடி நீளம், ஏழடி அகலம், தட்டையான அடி, இருபது தொன் அளவு இரும்பு. இரண்டு அடிக்கு மேல் தண்ணீருக்குள் அமிழும். இரு பக்கமும் மரமும் கரையும் காற்றை மறைக்கும் ஒடுங்கிய வாய்க்காலுக்கு அது பொருத்தம். யாழ்ப்பாணக் கடனீரேரியில் மறைப்பு என்று ஒன்றும் இல்லை. சோளகம் அடிக்கும்போது மேற்கிலிருந்து பல கிலோமீற்றர் தடையின்றி ஓடிவரும் காற்று குட்டையான, அடுத்தடுத்து அடிக்கும் அலையைக் கிளப்பும். உயரமான பக்கச் சுவர் கொண்ட நரோபோட் அதில் பக்கவாட்டாகத் தள்ளுப்படும். தள்ளுப்பட்டுத் தரைதட்டினால் இழுக்க வேறு படகும் கிட்ட வர முடியாது. காற்றாடியில் சாதாழை சுற்றினால் இறங்கிக் கையால் பிடுங்க வேண்டியதுதான். குருநகரிலும் பாசையூரிலும் உள்ள பதினெட்டடிக் கண்ணாடியிழைப் படகு, வெளிப்புற எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோல் ஊன்றி ஓரடித் தண்ணீரிலும் வரும். ஊருக்கு ஏற்ற படகு ஏற்கனவே ஊரில் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கட்டுவிப்பதில் எனக்கு ஒரு பயனும் தெரியவில்லை.

இனிப் பயணத் திட்டம். மாரியில் வருகிறோம் என்கிறீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளி, தைப்பொங்கலுக்குப் பின் வாருங்கள். கார்த்திகை, மார்கழியில் நீரேரி நிரம்பும் என்பது உண்மைதான். ஆனால் அது வெள்ளத்தின் காலம். வான்கதவுகள் எந்த நேரமும் திறக்கப்படலாம். திறந்த கதவுக்குக் கிட்டப் படகு போகக்கூடாது. 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை எப்படி மூழ்கடித்தது என்பது உங்கள் பெற்றோருக்கு ஞாபகம் இருக்கும். தை நடுவிலிருந்து மாசி முடிவு வரை வடமராட்சி நீரேரியில் தண்ணீரும் இருக்கும், வாடைக்காற்றும் தணிந்திருக்கும். சித்திரை தாண்டினால் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும். ஆடி, ஆவணியில் பல இடம் உப்புப் பூத்த வெளி.

முதல் நாளைத் தொண்டைமானாற்றில் தொடங்குங்கள். செல்வச்சந்நிதியில் கும்பிட்டுவிட்டுத் தடுப்பணைக்கு நடந்து போய், பிள்ளைகளை அதன் மேல் நிறுத்தி இரு பக்கமும் காட்டுங்கள். தை மாதத்தில் உள்பக்க நீர்மட்டம் கடலைவிட உயர்ந்து நிற்பதைக் கண்ணாலே பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்துத் தண்ணீரிலும் விரலை நனைத்து நாக்கில் வைக்கச் சொன்னால், நான் மேலே எழுதியதில் பாதி அவர்களுக்கு விளங்கிவிடும். பிறகு தடுப்பணைக்கு உள்பக்கமாக ஒரு சிறு வள்ளத்தில் வல்லைப் பாலம் வரை போய் வரலாம். எஞ்சின் வேண்டாம், நன்னீராக்கப் பார்க்கும் நீரில் எண்ணெய் சிந்துவதற்கு நியாயம் இல்லை. இதற்கு அங்குள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தை முன்கூட்டியே அணுகுங்கள். வள்ளத்துக்கும் ஆளுக்கும் கூலி பேசி, எங்கெங்கே வலை கிடக்கிறது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்று சும்மா சொல்வதில்லை.

இரண்டாம் நாள் உப்பாறு. அதைப் படகில் போகாமல் கரையால் போங்கள். ஓரிடத்தில் இடுப்பளவு, அடுத்த இடத்தில் கணுக்கால் அளவு என்று தண்ணீர் மாறும். இடையில் றோட்டுகளும் மதகுகளும் குறுக்கிடுகின்றன. சைக்கிளில் கோப்பாய்–கைதடிப் பாலத்தைக் கடந்து நாவற்குழி வந்து அரியாலைத் தடுப்பணையைப் பார்த்தால் உப்பாற்றின் கதை முழுதும் கிடைத்துவிடும். இன்னொரு நாள் இருந்தால் ஆனையிறவைத் தாண்டிச் சுண்டிக்குளம் போங்கள். அது தேசியப் பூங்கா, மாரி முடிவில் பூநாரைகள் வரும். அங்கே படகு தேவையில்லை.

மூன்றாம் நாள் குருநகரிலிருந்தோ பாசையூரிலிருந்தோ கடனீரேரிக்குள். விடியற்காலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நல்லது. இங்கே தண்ணீரில் வீதிகள் உண்டு, ஆனால் பலகை வைத்துக் காட்டியிருக்காது. தடி நட்டுக் கட்டிய சிறகுவலைகள் வரிசையாக நிற்கும். நண்டு வலையின் மிதவை ஒரு வெற்றுப் போத்தலாக இருக்கலாம். பூநகரி, ஊர்காவற்றுறைப் பக்கங்களில் கடலட்டைப் பண்ணைகள் வேலியடைத்திருக்கின்றன; அவற்றுக்கு இடம் கொடுத்ததைப் பற்றி மீனவரிடையே கசப்பும் இருக்கிறது. வலையைக் கிழித்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வார வருமானம். ஆகவே படகை நீங்களே ஓட்டும் ஆசையை இங்கிலாந்தில் வைத்துவிட்டு வாருங்கள். ஊர் ஆளே ஓட்டட்டும்.

நாலாம் நாள் தீவுகள். இதற்கு வாடகைப் படகு வேண்டாம். பொதுப் போக்குவரத்தே பயணத்தின் சுவையான பகுதி. காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறுங்கள். நடுவில் கடற்கோட்டை தெரியும். வேலணை, புங்குடுதீவு வழியே பஸ்ஸில் குறிகட்டுவான் வந்து அங்கிருந்து நயினாதீவுப் படகு. உயிர்காப்பு அங்கி கொடுப்பார்கள். பிள்ளைகள் முறைப்பட்டாலும் கேட்காமல் கட்டிவிடுங்கள். நீரேரித் தண்ணீர் ஆழமில்லை என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2021 நவம்பரில் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்த பாதை காட்டியது. இறந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். படகு நிரம்பிவிட்டது என்று தோன்றினால் அடுத்ததற்கு நில்லுங்கள்.

தொழில் பற்றி அண்ணா கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முள்ளியான் வாய்க்கால் என்றாவது முழுமையானால், ஆனையிறவுக்கும் வடமராட்சிக்கும் நடுவில் கடலைத் தொடாத நன்னீர்ப் பாதை ஒன்று உருவாகும். அப்போது எந்த வான்கதவையும் கடக்காமல், எஞ்சின் இல்லாத தட்டை வள்ளங்களை மாசி வரை அங்கே விடலாம். அதை நான் எதிர்க்கமாட்டேன். அதுவரை அவருடைய பணத்துக்கு நல்ல இடம், தொண்டைமானாற்றிலும் பாசையூரிலும் இருக்கும் வள்ளக்காரர்களுக்குத் தரமான உயிர்காப்பு அங்கிகளும், வெயிலுக்கு ஒரு கூரையும், இறங்க ஒரு மரத்துறையும். நெடுந்தீவையும் சேர்க்க விரும்பினால் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம்; மாசி, பங்குனியில் கடல் ஒத்துழைக்கும். வைகாசியில் சோளகம் கிளம்பிய பிறகு என்றால் அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.